பூனைகளுக்கு மொழிபெயர்த்தவர்

"சீனி போதுமா அங்கிள்?" என்று கேட்டால் மனிதர்கள் இரண்டில் ஒன்று சொல்வார்கள். போதும் என்பார்கள், இல்லையென்றால் இன்னும் கொஞ்சம் என்பார்கள். அவர் மட்டும், "போட்டபடி இருக்கட்டும், பிள்ளை" என்பார். என் கடைக்கு வந்த காலம் முழுக்க இதே பதில்தான். பொறுக்கமுடியாமல் ஒரு நாள் சீனியே போடாமல் வெறும் சாயத்தைக் கொண்டுபோய் வைத்தேன். கடைசிச் சொட்டுவரை குடித்துவிட்டுக் கோப்பையைச் சத்தமில்லாமல் தட்டில் வைத்தார்.

"எப்படி இருந்துச்சு?"

"சூடா இருந்தது."

எனக்கு வந்த எரிச்சலுக்கு அளவில்லை. உப்புச் சப்பில்லாத மனுஷன் என்று அடுப்பிடம் சொல்லிக்கொண்டேன்.

ஈப்போ பழைய நகரத்தில், நீதிமன்றத்திலிருந்து நடந்து வருகிற தூரத்தில், ஒரு சந்தின் முனையில் இருக்கிறது என் கடை. காலையில் தோசை, மதியத்தில் மீன் குழம்புச் சோறு, எப்போதும் தேநீர். பக்கத்துக் கடை அரிசி மொத்த வியாபாரம். அதன் முதலாளி ஒரு வயதான சீனத் தவுக்கே. எதிரே நாசி லெமாக் என்னும் தேங்காய்ப்பால் சோறு விற்கும் மலாய்ப் பெண்மணியை, அக்கா என்ற பொருளில், எல்லோரும் காக் என்றுதான் கூப்பிடுவோம். இந்த மூன்று இடங்களையும் தங்கள் இடமாக நினைத்துத் திரிகிற ஏழெட்டுத் தெருப் பூனைகள். அவற்றுக்கு நடுவே, என் கடை வாசலில், ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் அவர்.

நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். தமிழ், மலாய், ஆங்கிலம், சீனர் பேசும் கன்டோனீஸ் நான்கும் தண்ணீர் பட்ட பாடு. சிலோன் தமிழ்க் குடும்பம். வெள்ளை முழுக்கைச் சட்டை, உள்ளே விட்டு இடைவார் கட்டியிருப்பார். அதுவே எனக்கு முதலில் பிடிக்கவில்லை. நான் பத்து காஜா பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பிறந்தவள். அப்படிச் சட்டை போட்டுக்கொண்டு, "எண்டு, எண்டு" என்று பேசிக்கொண்டு ஒருவர் வந்தால் எங்கள் அப்பா உட்கார்ந்த இடத்திலிருந்து எழுந்துவிடுவார். தோட்டத்தில் கணக்கெழுதிய சிலோன் கிராணிக்கு எழுந்து எழுந்து பழகிய கால்கள். தோட்டத்தை அழித்து வீடு கட்டி விற்றார்கள், எங்களை அடுக்குமாடிக்கு மாற்றினார்கள், கிராணி எங்கே போனார் என்றே தெரியாது, ஆனாலும் அப்பா எழுந்தார். ஒரு தடவை என் கடையில் இவரைப் பார்த்தும் எழுந்தார். இவர் பதறிப்போய்த் தானும் எழுந்து நின்றார். யார் முதலில் உட்காருவது என்று தெரியாமல் இரண்டு பேரும் நின்ற நிலையைப் பார்த்துத்தான் எனக்கு அவர்மேல் இருந்த கோபம் பாதி குறைந்தது.

மீதியைக் குறைத்தது பூனைகள்.

எங்கள் சந்துப் பூனைகளுக்கு மொழி உண்டு என்பது அவர் கட்சி. கட்சி என்றால் அவருக்குப் பிடிக்காது, அவர் கண்டறிந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். தவுக்கே கடைப் பூனை ஒன்று என் மாவுப் பானை மூடியில் ஏறி உட்கார்ந்தது. "சூ! எறங்கு!" என்று கத்தினேன். காதைக்கூட அசைக்கவில்லை. அவர் நாற்காலியைவிட்டு எழாமல், "லொக் லெய்" என்றார். கன்டோனீஸில் இறங்கி வா என்று அர்த்தம். பூனை இறங்கிப் போய்விட்டது.

"அதுக்குத் தமிழ் விளங்காது, பிள்ளை. அரிசி மூட்டைக்குள்ள பிறந்தது."

காக்கின் மேசைக்கடியில் படுப்பவற்றோடு மலாயில் பேசுவார். என் கடையை நம்பி வாழ்பவற்றோடு தமிழ். "உங்கட பூனையளுக்குத் தமிழ் வடிவா விளங்குது. ஆனா கெட்ட வார்த்தை சொன்னாத்தான் அசையுதுகள்" என்று ஒருநாள் மிகவும் மரியாதையாகத் தெரிவித்தார். அடுப்படியில் நான் பேசுவது வெளியே கேட்கிறது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

பூனையைப் பற்றிச் சந்தில் ஆளுக்கொரு நம்பிக்கை. வழக்குக்குப் போகிற நம்மாட்கள் என் கடையில் தேநீர் குடித்துவிட்டுக் கிளம்பும்போது பூனை குறுக்கே போனால் முகம் வெளிறித் திரும்பி வந்து உட்கார்ந்து, இன்னொரு தேநீர் சொல்வார்கள். அந்த வகையில் பூனைகள் என் வியாபாரக் கூட்டாளிகள். காக்குக்கோ பூனை வாசலில் படுத்தால் வீட்டுக்கு நல்லது. தன் தட்டிலிருந்து எடுத்து வைப்பார். தவுக்கேக்கு எங்கிருந்தோ வந்து சேரும் பூனை என்றால் தரித்திரம். ஆனால் எலி பிடிக்கப் பூனை வேண்டும். அதனால் எந்தப் பூனையைக் காட்டிக் கேட்டாலும், "இங்கேயே பிறந்தது, என் அப்பா காலத்திலிருந்து இங்கேயே பிறக்கிறது" என்று அடித்துச் சொல்வார். ஈயம் தோண்டும் லம்பங்கள் ஓடிய நாளில், அரிசி வண்டிகள் வரிசை கட்டி நின்ற காலத்தில், சந்துக்குள் முதலில் வந்தது பூனையா அவர் அப்பாவா என்று நாங்கள் கேலி செய்வோம்.

அவருக்கு என்ன நம்பிக்கை என்று கேட்டேன். "எனக்கு ஒண்டும் இல்லை" என்றார். பூனைகளுக்கு அவர் பெயரும் வைக்கவில்லை. எல்லாவற்றையும் சாட்சி என்பார். "சாட்சி வந்திட்டுது", "சாட்சி நித்திரை." எல்லாவற்றையும் பார்க்கின்றன, கூப்பிட்டுக் கேட்காமல் வாய் திறப்பதில்லை, அதனால் சாட்சியாம். அவற்றில் மூத்தவள் ஒரு வரிப் பூனை. வால் விரல் நீளம்தான், அதுவும் நுனியில் மடங்கியிருக்கும். எனக்கு அவள் கட்டவால். அவர் வந்து உட்கார்ந்ததும் நாற்காலிக்கடியில் போய்ப் படுத்துக்கொள்வாள். அவர் அவளைத் தொட்டு நான் பார்த்ததில்லை. கையால் ஒரு துண்டு மீன் போட்டதும் இல்லை. "சாட்சி கேக்குது, நேற்றைய கெம்போங் மீன் தலை இருக்குதோ எண்டு" என்று என்னிடம் சொல்லுவார். நான் கொண்டுவந்து வைப்பேன். "முள்ளு கூடவாம்" என்பார்.

"நீங்கதான் சொல்றீங்களா, பூனை சொல்லுதா?"

"நான் ஏன் சொல்லுறன், பிள்ளை? எனக்கும் இந்த வழக்குக்கும் சம்பந்தமில்லை."

மனிதர் சண்டைக்கும் அப்படித்தான். எங்கள் சந்தில் எல்லோருக்கும் எல்லோருடைய மொழியும் சந்தைக்குப் போய்வரும் அளவுக்குத் தெரியும். சிரிக்கும்போது மூன்றும் கலந்து பேசுவோம். சண்டை என்று வந்துவிட்டால் மட்டும் அவரவர் தாய்மொழிக்குப் போய்விடுவோம். கோபத்துக்கு அந்த வசதி வேண்டியிருக்கிறது. அப்போது அவர் எழுந்து, சட்டையின் கழுத்துப் பொத்தானைப் போட்டுக்கொண்டு, கைகளைப் பின்னால் கட்டி, இரண்டு தரப்பையும் பார்க்காமல் எதிர்ச் சுவரைப் பார்த்தபடி மொழிபெயர்ப்பார். ஒரு தடவை பாத்திரம் கழுவிய தண்ணீர் காக்கின் பக்கம் ஓடிப் பெரிய தகராறு.

"'உனக்குத் தலை இல்லை, கல்லு இருக்குது' எண்டு அவ சொல்லுறா" என்றார் என்னிடம்.

காக் சொன்ன மலாய் எனக்கு நன்றாகவே புரிந்திருந்தது. இருந்தாலும் அவர் சொல்லி முடிக்கும்வரை கோபப்படாமல் காத்திருந்தேன். அவர் வாய்வழியாக வந்தால் திட்டுகூட ஆறிப்போய்த்தான் வரும். இரண்டு சுற்றுப் போனதும் எனக்கும் காக்குக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அதையும் விடாமல், "அவ இப்ப சிரிக்கிறா" என்று எனக்குச் சொன்னார்.

அவர் மனைவி இருந்த நாளில், மனைவிக்கும் இவருடைய தங்கைக்கும் பேச்சுவார்த்தை இல்லாமல் போனதாம். இரண்டு பேரும் தமிழ்தான், ஒரே வீடுதான். இவர் நடுவில் நின்று தமிழிலிருந்து தமிழுக்கு ஒரு வார்த்தை பிசகாமல் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறார். "கடைசியில இரண்டு பேரும் சேர்ந்து என்னோட கோபிச்சினம்" என்றார்.

ஒரு மழை மதியம், கடையில் வேறு யாரும் இல்லை. தோசைக்கல் புதிதா பழசா எது நல்லது என்று ஏதோ சாதாரணமாகக் கேட்டேன். "தவுக்கே புதுசு எண்டார், காக் பழசு எண்டா" என்றார். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"உங்களுக்குன்னு சொந்தமா ஒரு வார்த்தை கெடையாதா அங்கிள்? எப்பப் பாரு அவரு சொன்னாரு, இவ சொன்னா, பூனை சொல்லுச்சு! நீங்க என்னதான்லா சொல்றீங்க?"

மழையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு வழக்கு. தோட்டத்தில் பால்மரம் சீவுகிற ஒருவன் மரத்தில் உறைந்த ஒட்டுப்பால் திருடினான் என்று கிராணி கொடுத்த புகார். கிராணி உன்மேல் ஏன் பொய் சொல்லவேண்டும் என்று மாஜிஸ்திரேட் கேட்டார். அவன் கூண்டிலிருந்து கத்தினான்: அந்த நாய் என் பொண்டாட்டி கையைப் பிடித்தான், நான் அவனைச் செருப்பால் அடித்தேன், அதுதான் காரணம்.

"கிராணி எங்கட ஆள். கோயில்ல காணுற ஆள். சபை நிறையச் சனம். எனக்கு அந்தச் சொல்லை ஆங்கிலத்தில சொல்ல வெட்கமாப் போச்சுது, பிள்ளை. 'எனக்கும் கிராணிக்கும் ஒத்துவாறதில்லை' எண்டு சொல்லிப்போட்டன். அதில ஒரு சொல்லும் பொய் இல்லை. ஆனா அவன் சொன்னது அதில்லை."

"அப்பறம்?"

"அவனை உள்ளுக்குப் போட்டினம். போகேக்க என்னைத் திரும்பிப் பாத்துக் கும்பிட்டான். நான் சரியாச் சொல்லியிருப்பன் எண்டு நினைச்சுக் கும்பிட்டான்."

அதன் பிறகு யார் சொன்னதிலும் ஒரு வார்த்தை கூட்டியதும் இல்லை, குறைத்ததும் இல்லை என்றார். தன் வார்த்தை என்று ஒன்று நடுவில் நுழைந்தால்தானே பிசகும், அதனால் அதையே விட்டுவிட்டேன் என்றார். நான் எழுந்துபோய் ஒரு தேநீர் போட்டுக் கொண்டுவந்தேன். சீனி போதுமா என்று கேட்கவில்லை.

அவர் போய் இப்போது சில வருடங்கள் ஆகின்றன. லண்டனிலிருந்து மகள் வந்து காரியங்களைப் பார்த்தாள். அவர் நாற்காலியில் இப்போது யார் யாரோ உட்காருகிறார்கள். நான் ஒன்றும் சொல்வதில்லை. ஆனால் அந்த நாற்காலியைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு நினைவு வருவது ஒரே ஒரு காலைதான்.

சந்தின் மறுமுனையில் பூட்டிக்கிடந்த கடையை ஒரு சீனப் பையன் எடுத்துக் காப்பிக்கடை ஆக்கியிருந்தான். கோலாலம்பூரில் வேலை பார்த்துவிட்டு வந்தவன். கெட்டவனில்லை, தூக்கமில்லாத கண்களோடு தானே காப்பி போட்டுத் தானே மேசை துடைத்துக்கொண்டிருப்பான். எங்கள் கடைக்கு எதிர்ச்சுவரில் ஆளுயரத்துக்கு ஒரு பூனை வரைய வைத்தான். நீளமான வாலுள்ள பூனை. சுற்றுலா வருகிறவர்கள் அந்த வாலைப் பிடிப்பதுபோல் நின்று படம் எடுத்துக்கொள்வார்கள். சுவர்ப் பூனையால் அவனுக்கு வியாபாரம். நிஜப் பூனையால்தான் வந்தது வினை. கட்டவால் அவன் வாடிக்கையாளர் மேசையில் தாவி ஏறித் தட்டிலிருந்த மீனைத் தூக்கிக்கொண்டு ஓடியதில், ஒரு பெண்மணியின் கை கீறிப்போனது. அந்தப் பெண் போட்ட கூச்சல் எங்களுக்கும் கேட்டது. பையன் நகர அலுவலகத்தில் புகார் கொடுத்துவிட்டான்.

காலையில் கூண்டு வைத்த லாரி சந்துக்குள் வந்து நின்றது. இறங்கியவர் ஓர் இளம் மலாய்ப் பெண் அதிகாரி. கிழக்குக்கரைத் திரெங்கானுவிலிருந்து மாற்றலாகி வந்தவர் என்று பேச்சிலேயே தெரிந்தது. எல்லோரையும் என் கடை வாசலுக்குக் கூப்பிட்டு மலாயில் பொறுமையாகத்தான் கேட்டார். "இந்தப் பூனைகள் யாருடையவை? சொந்தக்காரர் இருந்தால் நான் தொடமாட்டேன். இல்லையென்றால் ஏற்றிக்கொண்டு போகத்தான் வேண்டும்."

பையனும் தவுக்கேயும் கன்டோனீஸில் ஒரே நேரத்தில் கத்த ஆரம்பித்தார்கள். அதிகாரிக்கு ஒன்றும் புரியவில்லை. வாசல் நாற்காலியிலிருந்து நம் மொழிபெயர்ப்பாளர் எழுந்தார். கழுத்துப் பொத்தானைப் போட்டுக்கொண்டார். கையைப் பின்னால் கட்டிச் சுவர்ப் பூனையைப் பார்த்தபடி நின்றார்.

"என் கடையில் பிறந்தவை என்பது உண்மை. ஆனால் என்னுடையவை என்று நான் சொல்லவில்லை." இது தவுக்கே. நாளைக்கு இன்னொருத்தர் கை கீறினால் தன் தலையில் விழுமே என்று பயம். அவர் அப்படியே மலாயில் சொன்னார்.

"அவை ஆண்டவனுடையவை." இது காக். மலாயில்தான் சொன்னார், அதிகாரியும் மலாய்தான், இருந்தாலும் அவர் அதையும் ஒருமுறை மலாயில் திருப்பிச் சொன்னார்.

என் முறை வந்தது. சோறு விற்கிற கடைக்குள் பூனை வளர்க்கிறேன் என்று சொன்னால் என் லைசென்ஸ் என்ன ஆவது? "அதுங்களா வருதுங்க, அதுங்களா போவுதுங்க" என்றேன். அதையும் கூட்டாமல் குறைக்காமல் சொன்னார். நாற்காலிக்கடியில் கட்டவால் கால்களை மடக்கிப் படுத்துக்கொண்டு எங்கள் எல்லோரையும் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் குரலில் ஒரு மாற்றமும் இல்லை. நான்தான் அவள் பக்கம் பார்க்காமல் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டேன்.

அதிகாரி பையன் பக்கம் திரும்பினார். அவன் கையை உதறிக்கொண்டு கன்டோனீஸில் சொன்னான்: "யாருக்கும் வேண்டாம் என்றால் எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு போகட்டும். ஒன்றையும் விடவேண்டாம்."

எனக்குப் புரிந்தது. காக்குக்கும் புரிந்தது. தவுக்கே தரையைப் பார்த்தார்.

"என்ன சொல்கிறார், பாக்சிக்?" என்று அதிகாரி, மாமா முறை வைத்து, அவரைக் கேட்டார்.

அதுவரை அவர் பதில் சொல்லத் தயங்கி நான் பார்த்ததே இல்லை. பின்னால் கட்டியிருந்த கை முன்னால் வந்து கழுத்துக்குப் போனது. பொத்தானைச் சரிபார்க்கிறார் என்று நினைத்தேன். கழற்றினார். பிறகு நீதிமன்றத்துக் குரலில், நிறுத்தி நிதானமாக, மலாயில் சொன்னார்.

"இந்தச் சந்துப் பூனைகள் எங்களுடையவை என்கிறார். எல்லாக் கடைக்காரரும் சேர்ந்து பார்த்துக்கொள்வோம் என்கிறார். என் மேசைப் பக்கம் வராமல் பார்த்துக்கொண்டால் போதும் என்கிறார்."

அதிகாரியைத் தவிர அங்கே நின்ற எல்லோருக்கும் அது பொய் என்று தெரியும். பையன் இந்த நாட்டுப் பள்ளிக்கூடத்தில் மலாய் படித்தவன். ஒரு வார்த்தை விடாமல் புரிந்திருக்கும்.

"பெத்துல் கே?" என்று அதிகாரி அவனையே கேட்டார். உண்மைதானா?

பையன் அவரைப் பார்த்தான். அவர் அவனைப் பார்க்கவில்லை, சுவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். தன் பெயர் வாசிக்கப்படக் காத்திருக்கும் குற்றவாளி மாதிரி நின்றார். அந்த முகத்தில் பையன் என்ன கண்டானோ, நான் அறியேன்.

"பெத்துல்" என்றான். உண்மைதான்.

அதன் பிறகு தவுக்கேக்கு வாய் வந்துவிட்டது. "யா லா, எங்களுடையதுதான்லா! என் அப்பா காலத்திலிருந்து!" என்று மலாயில் முழங்கினார். காக் தலையை ஆட்டினார். நானும் சொன்னேன், லைசென்ஸ் போனால் போகட்டும் என்று. கழுத்துப்பட்டை கட்டுங்கள், குட்டி போடாதபடி மருத்துவரிடம் காட்டுங்கள் என்று சொல்லிவிட்டு அதிகாரி கிளம்பினார். லாரி வெறும் கூண்டோடு போனது.

நான் சந்தோஷத்தில் அவரிடம் ஓடினேன். அவர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"நான் பிழையாச் சொல்லிப்போட்டன், பிள்ளை."

"இல்ல அங்கிள், நல்லாத்தான்லா சொன்னீங்க!"

"அவன் சொன்னது அதில்லை" என்றார். குடையை எடுத்துக்கொண்டு, பாதித் தேநீரை வைத்துவிட்டுப் போய்விட்டார்.

அன்றைக்கு அடுத்த நாள் வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை. காக் தன் பாஜு குரோங் உடை தைத்து மிஞ்சிய துணியில் கழுத்துப்பட்டைகள் தைத்தார். தவுக்கே சிவப்புதான் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்துத் தனியாகத் தைக்க வைத்தார். பையன் ஒரு கை நிறையச் சின்ன மணிகளோடு வந்து என் மேசைமேல் வைத்துவிட்டுப் போனான். சந்து முழுக்கக் கிணுகிணு என்று சத்தம். அந்த மனிதரை மட்டும் காணவில்லை. கட்டவால் தினமும் காலியான நாற்காலிக்கடியில் போய்ப் படுத்துக்கொண்டாள். மீன் தலை வைத்தேன். முள் அதிகமா குறைவா என்று சொல்ல ஆளில்லை. வாழ்நாள் முழுக்கக் காத்துவந்த ஒன்றை எங்கள் தெருப் பூனைகளுக்காக உடைத்துவிட்டாரே, இனி இந்தப் பக்கம் வருவாரா என்று அடுப்பிடம் கேட்டுக்கொண்டேன்.

ஒரு காலையில் தோசை வார்த்துக்கொண்டிருக்கும்போது நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது. அவர்தான். அதே வெள்ளைச் சட்டை. கழுத்துப் பொத்தான் திறந்திருந்தது. கட்டவால் மணி கிணுகிணுக்க எழுந்து வந்து அவர் செருப்பை முகர்ந்தாள். அவர் குனிந்தார். பழக்கமில்லாத கைகளால், எங்கே பிடிப்பது என்று தெரியாமல், அவளை வயிற்றோடு தூக்கி மடியில் வைத்துக்கொண்டார். சட்டை முழுக்க முடி.

வழக்கமான தேநீரைக் கொண்டுவந்து வைத்தேன். வாய்ப் பழக்கத்தில்தான் அது வந்தது.

"சீனி போதுமா அங்கிள்?"

ஒரு வாய் குடித்தார். கோப்பையைக் கீழே வைத்தார்.

"போதாது, பிள்ளை" என்றார். "முதல் நாளில இருந்தே போதாது."

ஓடிப்போய்ச் சீனி டின்னையே எடுத்துவந்து ஒரு கரண்டி போட்டேன். கலக்கிக் குடித்துப் பார்த்தார்.

"இன்னும்" என்றார்.